மல்லரை அளக்கும் கோல்: தொழின்முறை மற்போரில் ‘தலைசிறந்தோர்’ வரிசைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு துறையிலே தலைசிறந்தவர் யார் என்னும் வினா, அத்துறையை விரும்புவோர் கூடுமிடமெல்லாம் எழுவது இயல்பே. துடுப்பாட்டத்தில் ஓட்டங்களின் எண்ணிக்கையும், குத்துச்சண்டையில் வெற்றி தோல்விகளும் இவ்வினாவுக்கு ஓரளவேனும் விடை தருவன. தொழின்முறை மற்போரின் நிலை வேறு. அங்கு யார் வெல்வது என்பது போட்டிக்கு முன்னரே தீர்மானிக்கப்படுகின்றது. இதனை இரசிகரும் நன்கறிவர். அறிந்திருந்தும் லூ தெஸ் முதல்வரா, றிக் பிளேயர் முதல்வரா, ஹல்க் ஹோகன் முதல்வரா எனப் பல்லாண்டுகளாக அவர்கள் வாதிட்டு வருகின்றனர். நூறு பேர், ஐந்நூறு பேர் கொண்ட வரிசைகளையும் வகுத்துள்ளனர். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட போட்டியிலே ‘சிறந்தவர்’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது?

இவ்வாதம் முற்றிலும் பொருளற்றது எனத் தள்ளிவிடுவோர் உளர். அது பொருந்தாது. இவ்வரிசைகளைக் கூர்ந்து நோக்குமிடத்து, அவை ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இரசிகரின் விருப்பு வெறுப்பு மாத்திரம் காரணமன்று என்பது புலனாகும். மெய்யான மல்வன்மை, மக்களை அரங்குக்கு ஈர்க்கும் ஆற்றல், நிகழ்த்துதிறன் என்னும் மூன்று வேறுபட்ட அளவுகோல்கள் ஒரே வரிசைக்குட் கலந்து கிடக்கின்றன. இம்மூன்றும் அத்தொழிலின் வரலாற்றில் மூன்று வேறு காலகட்டங்களிலே தோன்றி வலுப்பெற்றவை. எக்கோலால் அளக்கிறோம் என்பதைக் கூறாது அளப்பதே பிணக்குக்கு மூலமாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்மை என்னும் கோல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருந்தொகையான மக்களைக் கவர்ந்த விளையாட்டாக விளங்கியது. இன்றைய எஸ்தோனியாவிற் பிறந்த ஜோர்ஜ் ஹக்கன்ஷ்மிற் 1905 இல் நியூயோர்க்கில் டொம் ஜென்கின்ஸை வீழ்த்தி உலக வீரராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1908 ஏப்ரல் 3 ஆம் திகதி சிக்காகோவில் அமெரிக்கரான பிராங் கொட்ச் அவரை எதிர்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மணிநேரம் நீடித்த அப்போரின் இறுதியில் ஹக்கன்ஷ்மிற் தொடர மறுத்துப் பட்டத்தை இழந்தார். கொட்ச் தம் உடலில் எண்ணெய் பூசி வந்தார் என அவர் பின்னர் குறை கூறினார். 1911 செப்டெம்பர் 4 ஆம் திகதி இருவரும் மீண்டும் சிக்காகோவிலே மோதியபோது, முழங்காற் காயத்துடன் களமிறங்கிய ஹக்கன்ஷ்மிற் எளிதிலே தோல்வியுற்றார். இக்காலப் போட்டிகளிலும் சில முன்னேற்பாடு உடையன என்னும் ஐயம் ஆய்வாளரிடம் உண்டு. ஆயினும் மல்வன்மையே இக்காலத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இக்காலத்தின் தலைசிறந்த மல்லர் யார் என்னும் வினாவில் கொட்சுக்கு எதிராக வைத்தெண்ணத்தக்கவர் இந்திய மல்லரான காமா ஆவார். இவ்விருவரும் ஒருபோதும் எதிரெதிர் நின்றதில்லை. ஆனால் இருவரையும் எதிர்த்து நின்ற ஒருவர் இருந்தார். அவர் போலந்து நாட்டவரான ஸ்ரனிஸ்லோஸ் ஸ்பிஷ்கோ. 1910 யூன் 1 ஆம் திகதி சிக்காகோவிலே கொட்ச் இவரை இருமுறை வீழ்த்தி வென்றார். முதல் வீழ்ச்சிக்குச் சில வினாடிகளே சென்றன. மரபுப்படி கைகுலுக்க ஸ்பிஷ்கோ கையை நீட்டிய வேளையிற் கொட்ச் பாய்ந்துவிட்டார் என்பது அக்காலத்திலேயே எழுந்த குற்றச்சாட்டு. அதே ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி இலண்டனில் ஸ்பிஷ்கோ காமாவை எதிர்கொண்டார். ஏறக்குறைய இரண்டரை மணிநேரத்தின் பெரும்பகுதியை அவர் குப்புறப் படுத்தவாறே கழித்தார். காமாவினால் அவரைப் புரட்ட முடியவில்லை. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஒருவாரத்தின் பின் நடைபெறவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஷ்கோ வரவில்லை; ‘ஜோன் புல்’ கச்சை காமாவுக்கே வழங்கப்பட்டது. 1928 சனவரியிற் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடத்துக்குள்ளேயே காமா அவரை வீழ்த்தினார்.

இச்செய்திகளைக் கொண்டு கொட்சையும் காமாவையும் ஒப்பிட முடியுமா? கொட்ச் சில வினாடிகளில் வீழ்த்தியவரைக் காமா இரண்டரை மணிநேரத்திலும் வீழ்த்தவில்லை என ஒரு சாரார் கூறுவர். வெல்ல முயன்றவனை வீழ்த்துவது வேறு, தோலாதிருக்க மட்டும் முயன்றவனைப் புரட்டுவது வேறு என மறுசாரார் விடையிறுப்பர். பட்டியாலாவை எடுத்துக்காட்டினால், அப்போது இருவரும் ஐம்பதை அண்மித்த வயதினர் என்றும், இந்திய முறைப்படியே அப்போட்டி நடந்தது என்றும் எதிர்வாதம் எழும். மல்வன்மையை மாத்திரம் கொண்டு அளக்க முற்பட்டாலும் விதிகள், வயது, நோக்கம் ஆகியன குறுக்கிடுகின்றன. எனவே, ‘மெய்யான போட்டி நடந்த காலத்தில் அளப்பது எளிது’ என்னும் நம்பிக்கை வலுவற்றதாகின்றது.

முடிவு எழுதப்பட்ட காலம்

1920 களில் அமெரிக்க மற்போரின் இயல்பே மாறியது. ‘கழுத்து நெரிப்பாளர்’ எனப் பெயர்பெற்ற எட் லூயிஸ், அவருடைய முகாமையாளர் பில்லி சாண்டோ, ரூற்ஸ் மொன்ட் ஆகிய மூவரும் மல்லர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தி, ஊர் ஊராகத் தொடர் நிகழ்ச்சிகளை நடத்தினர். மணிக்கணக்கில் நீளும் மந்தமான போர்கள் குறைந்தன. விறுவிறுப்பான, முடிவு வகுக்கப்பட்ட காட்சிகள் பெருகின. 1925 சனவரியில் உதைபந்தாட்ட வீரராக இருந்து மல்லரான வேய்ன் மன் லூயிஸை வென்று உலக வீரராக்கப்பட்டார். அவருடைய மற்றிறன் மிகக் குறைவு. அவருடைய புகழும் தோற்றமும் மக்களை ஈர்க்கும் என்பதே கணக்கு.

இங்கே ஸ்பிஷ்கோ மீண்டும் தோன்றுகின்றார். 1925 ஏப்ரல் 15 ஆம் திகதி பிலடெல்பியாவில் மன்னிடம் தோற்றுக்கொடுப்பதற்காக அவர் அமர்த்தப்பட்டிருந்தார். அவரோ எதிரணியினருடன் இரகசியமாக உடன்பட்டு, அரங்கிலே மன்னை மீண்டும் மீண்டும் வீழ்த்தினார். நடுவராலும் அதனை மறைக்க முடியவில்லை. பட்டத்தைக் கைப்பற்றிய ஸ்பிஷ்கோ மறுமாதமே அதனை எதிரணியைச் சார்ந்த ஜோ ஸ்ரெச்சருக்கு விட்டுக்கொடுத்தார். இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்று நிகழ்ந்த வீழ்ச்சி மெய்யானது. ஆனால் அது உடன்படிக்கையை மீறிய செயல். மறுமாதம் நிகழ்ந்த தோல்வி உடன்படிக்கைக்கு அமைந்தது. ஆனால் அது மெய்யானதன்று. வெற்றி தோல்விப் பட்டியலில் இரண்டும் ஒரே வகையாகவே பதிவாகியுள்ளன. அப்பட்டியலை மாத்திரம் நம்பி வரிசை வகுப்பவர் எத்துணை எளிதில் வழிதவறுவர் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் வெற்றிகளின் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஆனால் அது வன்மைக்குச் சான்றன்று; நம்பிக்கைக்குச் சான்று. போட்டி அமைப்பாளர் ஒருவருக்குப் பட்டம் அளிக்கும்போது, இவரைக் காண மக்கள் பணம் கொடுப்பர், இவர் குறித்த நாளில் வந்து நிற்பார், பட்டத்தை உரிய வேளையில் மீள ஒப்படைப்பார் என்னும் மூன்றையும் நம்புகின்றார். பிளேயருக்கு உரியனவாகக் கூறப்படும் 16 உலகப் பட்டங்களை இவ்வகையிலேயே பொருள்கொள்ளல் வேண்டும். 16 முறை அவர் பிறரை வென்றார் என்பதிலும், 16 முறை அவர்மீது ஒரு தொழில் தன் வருவாயைப் பணயம் வைத்தது என்பதே வரலாற்றுண்மை.

மக்களை ஈர்க்கும் ஆற்றல்

1948 இல் அமெரிக்காவின் வட்டார அமைப்பாளர் சிலர் ஒன்றுகூடித் தேசிய மற்போர்க் கூட்டமைப்பை நிறுவினர். 1949 இல் அதன் உலக வீரரான ஓர்வில் பிறவுண் கார் விபத்திற் காயமுற, பட்டம் லூ தெஸ்ஸிடம் சென்றது. முன்னர் 1937 இல், தம் 21 ஆவது வயதிலேயே உலகப் பட்டம் ஒன்றைப் பெற்றிருந்த தெஸ், எலும்பை முறிக்கவல்ல பிடிகளை முறையாகக் கற்றவர். பிலடெல்பியாவில் நிகழ்ந்தது போன்ற துரோகம் மீண்டும் நிகழாதிருக்க, எவராலும் பட்டத்தைப் பறிக்க முடியாத மெய்யான மல்லர் ஒருவரே அதனைத் தாங்கவேண்டும் என அமைப்பாளர் கருதினர். முடிவு எழுதப்பட்ட ஒரு நாடகத்தைக் காத்தற்கு மெய்யான வன்மை வேண்டப்பட்டது என்பது இத்தொழிலின் விந்தையான உண்மைகளுள் ஒன்று.

தொலைக்காட்சி இந்நிலையை மாற்றியது. சுருண்ட பொன்னிற மயிரும், நறுமணம் தெளிக்கும் ஏவலாளருமாக அரங்கேறிய ‘கோர்ஜியஸ்’ ஜோர்ஜ், தோற்பதைக் காணவே மக்கள் கூடும் மல்லராகப் புகழ்பெற்றார். முகம்மது அலி தம் தற்பெருமைப் பேச்சுக்கு இவரையும் ஒரு முன்மாதிரியாகக் குறிப்பிட்டுள்ளார். யப்பானில், கொரியாவிற் பிறந்த றிக்கிடோசான் 1954 இல் கனடியச் சகோதரர் இருவரை எதிர்த்த காட்சியைக் காணத் தெருவோரத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் பெருந்திரளானோர் குழுமினர். போரில் தோற்றுத் துவண்டிருந்த ஒரு மக்களுக்கு அவர் ஊக்கமளித்தார். ஆயின் தம் கொரியப் பிறப்பை அவர் மறைத்து வாழ வேண்டியிருந்தது. மெக்சிக்கோவில் வெள்ளி முகமூடி அணிந்த எல் சாந்தோ ஐம்பதுக்கு மேற்பட்ட திரைப்படங்களில் நடித்து, 1984 இல் அம்முகமூடியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். நியூயோர்க்கில் இத்தாலியக் குடியேறியவரான புறூனோ சமார்ட்டினோ 1963 மே மாதம் முதல் 1971 சனவரி வரை 2,803 நாள்கள் தொடர்ந்து பட்டந்தாங்கினார். இவர்களது பெருமையை வீழ்த்தியோர் தொகையால் அளத்தல் இயலாது.

ஆயினும் இக்கோலும் குற்றமற்றதன்று. 1987 மார்ச் 29 ஆம் திகதி மிச்சிக்கன் மாநிலத்திலே ஹோகனும் அந்திரே என்னும் பேருருவ மல்லரும் மோதிய நிகழ்ச்சியை 93,173 பேர் கண்டனர் என அமைப்பாளர் அறிவித்தனர். உண்மைத் தொகை 78,000 அளவினதே எனப் பின்னர் மறுக்கப்பட்டது. எண் என்பதனாலேயே ஒன்று நடுநிலைச் சான்றாகிவிடாது; விற்பவன் கூறும் எண்ணும் விளம்பரமே. அதே நிறுவனம் 1989 இல், விளையாட்டுத்துறைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும் பொருட்டு, தனது மற்போர் பொழுதுபோக்கே என நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டது. நெடுநாட் காத்த தொழில் இரகசியம் அத்துடன் வெளிப்படையாயிற்று.

நட்சத்திரக் கணக்கு

இரகசியம் தளர்ந்தபோது இரசிகரின் நோக்கும் மாறியது. நாடகத்தை நாடகமாகவே மதிப்பிடும் மூன்றாவது கோல் வலுப்பெற்றது. 1980 களில் டேவ் மெல்ட்சரின் செய்திமடல் ஒவ்வொரு போட்டிக்கும் நட்சத்திரப் புள்ளி வழங்கும் வழக்கத்தைப் பரப்பியது. பிளேயரும் றிக்கி ஸ்ரீம்போற்றும் 1989 இல் நிகழ்த்திய போட்டிகள் இக்கோலின் உச்சங்களாகப் போற்றப்பட்டன. ஐந்தே உச்சம் என்றிருந்த அளவு, 2017 இல் யப்பானிய அரங்கில் ஒக்காடாவும் ஒமேகாவும் மோதியபோது ஆறாகவும், மறு ஆண்டு ஏழாகவும் நீட்டப்பட்டது. கோலே நீளுமாயின் பழையோரைப் புதியோருடன் ஒப்பிடுவது எங்ஙனம்? மேலும் இக்கோல் ஒளிப்பதிவு உள்ளோரையே அளக்கவல்லது. எட் லூயிஸின் போட்டிகளைக் காட்டும் படங்கள் மிகச் சொற்பம். பார்க்க இயலாதோரைப் பின்னிலையில் வைப்பது தீர்ப்பன்று, ஆவணக் குறைபாடு.

வரிசையின் புறத்தே நிற்போர்

இவ்வாறு நோக்கும்போது, வரிசைகளில் யார் முதலிடம் பெற்றார் என்பதிலும் யார் இடம்பெறவில்லை என்பது முக்கியமாகின்றது. 1937 முதல் பெண்கள் பட்டத்தைத் தாங்கிய மில்றெட் பேர்க் பல வரிசைகளில் அடிக்குறிப்பளவிலும் இடம்பெறுவதில்லை. நியூயோர்க் மாநிலத்திலே பெண்கள் மற்போர் புரிதற்கு 1972 வரை தடையிருந்தது. பேரரங்கு மறுக்கப்பட்டவர்களைப் பேரரங்கின் வருவாயைக் கொண்டு அளப்பது நீதியாகாது. காமாவின் நிலையும் இத்தகையதே. ஆங்கில, அமெரிக்கச் செய்தித்தாள்கள் எட்டாத களங்களில் அவர் பெற்ற வெற்றிகள், அச்செய்தித்தாள்களை மூலமாகக் கொண்ட வரிசைகளிற் சுருங்கிவிடுகின்றன.

இன்னொரு வகை விலக்கலும் உண்டு. நிகழ்த்துதிறனில் மிக உயர்ந்தவராக மதிக்கப்பட்ட கனடிய மல்லர் கிறிஸ் பெனுவா 2007 யூனில் தம் மனைவியையும் மகனையும் கொன்று தற்கொலை புரிந்தார். அவர் பணிபுரிந்த நிறுவனம் அவர் பெயரைத் தன் வெளியீடுகளிலிருந்து பெரும்பாலும் நீக்கியது. மெல்ட்சரின் செய்திமடல் நடத்தும் புகழ்மன்றத்திலோ, அவரை நீக்குவதற்கான வாக்கெடுப்புக்கு வேண்டிய வீதம் கிட்டவில்லை. இவற்றுள் எது முறை? புகழ்தல் ஒன்று, பதிதல் மற்றொன்று என்பதே எமது கருத்து. கொலையுண்டோரை மறந்து கொலையாளியின் திறமையைக் கொண்டாடுதல் தகாது. அவர் அரங்கில் நின்றதே இல்லை என்பது போல ஏடுகளைத் திருத்துதலும் தகாது. கொண்டாட்டமே நோக்கமான வரிசை அவரை விலக்கலாம். வரலாறு எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் வரிசை அவர் பெயரையும் செயலையும் ஒருங்கே பதிதல் வேண்டும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், ‘எக்காலத்துக்குமுரிய தலைசிறந்த மல்லர்’ என்னும் தொடர் ஒரு வினாவன்று, மூன்று வினாக்களின் தொகுதி என்பது பெறப்படும். வன்மைக்குக் காமாவும் கொட்சும், மக்களை ஈர்த்தமைக்கு றிக்கிடோசானும் சாந்தோவும் ஹோகனும், நிகழ்த்துதிறனுக்குப் பிளேயரும் அவர் வழிவந்தோரும் என வேறு வேறு வரிசைகளை வகுத்துக்கொண்டால் வாதங்களிற் பாதி தாமே அடங்கும். மூன்றுக்கும் பொதுவாக ஒருவரையே கூறுதல் வேண்டுமென வற்புறுத்தின், நாம் தெஸ்ஸையே கூறுவோம். எக்கோலிலும் அவர் தனி முதல்வரல்லர்; ஹோகனளவு கூட்டத்தை அவர் ஈர்த்ததில்லை, பிளேயரளவு விறுவிறுப்பை அவர் அரங்கிற் காட்டியதுமில்லை. ஆயினும் மெய்வன்மையின் மரபை லூயிஸின் தலைமுறையிடமிருந்து பெற்று, தொலைக்காட்சிக் காலத்திலும் தாங்கி நின்று, 1957 இல் றிக்கிடோசானுடன் பொருதி யப்பானிய மற்போருக்கும் மதிப்பளித்து, 1990 இல் தம் இறுதிப் போட்டிவரை மூன்று காலங்களையும் தம் வாழ்வில் இணைத்தவர் அவர் ஒருவரே.

ஸ்பிஷ்கோவையோ எந்த வரிசையும் முதலிடத்தில் வைப்பதில்லை, வைக்க வேண்டியதுமில்லை. ஆனால் கொட்சிடம் தோற்றும், காமாவிடம் தாங்கியும், மன்னிடம் தோற்க மறுத்தும் அவர் விட்டுச்சென்ற தடயங்கள் இல்லையேல் அவர்களை அளப்பதற்கு எம்மிடம் எதுவும் எஞ்சியிராது. வரிசை வகுப்போர் உச்சியை மாத்திரம் நோக்காது, அளவிடத் துணைபுரிந்த இத்தகையோரையும் நோக்குவாராயின், இரசிகரின் வாதம் வரலாற்றாய்வாக உயர்வு பெறும்.