கிள்ளான் பள்ளத்தாக்கில் வேட்டைத் துப்பாக்கி: நீளக்குழலும் கைத்துப்பாக்கியும் பிரிந்த கதை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. தற்காப்புக்கென்று அன்றாடம் இடுப்பில் செருகிப் போகும் 9 மிமீ துப்பாக்கியும் அதற்கான தோட்டாவும் ஒரு காட்டுப்பன்றியை வீழ்த்தப் போதுமா என்பது அங்குள்ள வேட்டைக்காரர்களிடையே ஓயாத வாதம். கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் இப்படியொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோலாலம்பூரைச் சுற்றிய காட்டோரங்களில் பன்றிக்குக் குறைவில்லை. குடியிருப்புகளின் குப்பைத் தொட்டிவரை அவை வருகின்றன. வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். கைத்துப்பாக்கி மட்டும் அந்தக் காட்சியில் எங்கும் இல்லை.

தோட்டாவின் வலு போதாது என்பது ஒரு பதில். அது சரியான பதில்தான், ஆனால் பின்னால் வந்தது. தோட்டாவைப் பற்றிய வாதம் இங்கே தொடங்குவதற்கு முன்பே கைத்துப்பாக்கி வேட்டைக்குரிய பொருள் என்ற நிலையை இழந்துவிட்டது. அதை இழக்கச் செய்தது வனவிலங்குச் சட்டமன்று, ஆயுதச் சட்டம். அந்தச் சட்டத்தின் இறுக்கத்தைத் தன் கழுத்தில் தாங்கியவர்களுள் ஒருவர் தமிழர் என்பதால், இந்த வரலாறு நமக்கு வெறும் ஆயுதக் கதையாகவும் இல்லை.

போலீஸ் தலைவரும் காட்டெருதும்

1878 இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்கர் சிலாங்கூருக்கு வந்தார். அருங்காட்சியகங்களுக்கு விலங்குத் தோலும் எலும்பும் சேகரிப்பது அவர் தொழில். அதற்கு முன்பு ஆனைமலைக் காடுகளிலும் இலங்கையிலும் அதே வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தார். இங்கே அவருக்குத் துணையாக நின்றவர் சிலாங்கூர் போலீசை உருவாக்கிய ஹாரி சையர்ஸ். அந்தப் பயணத்தில்தான் பத்துமலைக் குகைகள் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. தம்புசாமி பிள்ளை அங்கே முருகனை நிறுவுவதற்குச் சுமார் 12 ஆண்டுகள் முன்பு, துப்பாக்கியோடு திரிந்த இருவர் வழியாக அந்தக் குன்று எழுத்தில் ஏறியது. தைப்பூசக் கூட்டத்தில் இதை நினைப்பவர் யாரும் இருக்க முடியாது.

சையர்ஸின் முடிவு இந்த ஆய்வுக்கு முக்கியமானது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் போலீஸ் ஆணையராக உயர்ந்திருந்த அவரை 1897 இல் பகாங்கில் செலாடாங் என்னும் காட்டெருது முட்டிக் கொன்றது. நாட்டின் ஆயுதப் படையொன்றுக்கே தலைவராக இருந்தவர் வேட்டையில் மாண்டார். அந்தக் காலத்து வெள்ளை அதிகாரிக்குக் காட்டு விலங்கை எதிர்கொள்வது அலுவலின் நீட்சிபோல இருந்தது. காவலுக்கான ஆயுதம், வேட்டைக்கான ஆயுதம் என்ற பிரிவினை இன்னும் கெட்டிப்படவில்லை.

அந்த நூற்றாண்டின் இந்தியாவிலும் இதே நிலைதான். யானை மேல் அமர்ந்து புலி சுடப் போனவர்கள், அடிபட்ட புலி அம்பாரிமேல் தாவினால் கடைசி நொடியில் சுடுவதற்கென்று பெருங்குழல் கைத்துப்பாக்கி ஒன்றை அருகில் வைத்திருந்தார்கள். இரட்டைக்குழல், சில சமயம் நான்கு குழல். வேட்டையில் கைத்துப்பாக்கிக்கு இருந்த பழைய இடம் அதுதான்: விலங்கை வீழ்த்த ரைபிள், விலங்கிடமிருந்து தப்பக் கைத்துப்பாக்கி. மலாயாவில் யானைமேல் புலிவேட்டை நடக்கவில்லை. பரண் கட்டி, இரை வைத்துக் காத்திருந்து சுட்டார்கள். ஆகவே அந்தக் கடைசித் தற்காப்புக்கும் இங்கே பெரிய தேவை எழவில்லை.

துரையின் துப்பாக்கி, தொழிலாளியின் கண்ணி

1900க்குப் பிறகு ரப்பர்த் தோட்டங்கள் பரவின. 1917 இல் ஹென்றி ஃபோகோனியே கோல சிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். காடு வெட்டப்பட்ட இடமெல்லாம் இளங்கன்று. பன்றிக்கு அதைவிட நல்ல மேய்ச்சல் ஏது? மண்ணைக் கிளறிக் கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். அதுவரை பொழுதுபோக்காக இருந்த சுடுதல் இப்போது பயிர்க்காவல் ஆயிற்று. பயிர்க்காவல் என்றதும் துப்பாக்கி உரிமத்துக்கு ஒரு நியாயம் பிறந்தது. அந்த நியாயம் நூறாண்டுக்கு மேலாகியும் இன்றுவரை உயிரோடிருக்கிறது.

ஆனால் அந்த உரிமம் யார் கையில்? துரையின் கையில், அவருக்குக் கீழே சில இடங்களில் ஆசிய உத்தியோகஸ்தர் கையில். தொழிலாளர் குடியிருப்பான லயத்து மனிதனுக்கு நாய், ஈட்டி, பாராங் கத்தி, கம்பிக் கண்ணி. தோட்டத்துத் தமிழர்கள் பன்றி பிடித்தார்கள், கறி பங்கிட்டார்கள், கள்ளுக்கடைக்கும் கொஞ்சம் போனது. முஸ்லிம் மலாய்க்காரர்கள் உண்ணாத இறைச்சி என்பதால் பன்றி வேட்டை பெரும்பாலும் சீனர், இந்தியர், பூர்வகுடிகள் ஆகியோரின் வேலையாகவே நிலைத்தது. பூர்வகுடிகளிடம் ஊதுகுழல் அம்பு இருந்தது. துப்பாக்கி மட்டும் அதிகாரத்தின் ஏணிப்படி பார்த்தே இறங்கி வந்தது.

1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டிய கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. படை வரவழைக்கப்பட்டது, சுட்டார்கள், தொழிலாளர் உயிர்கள் போயின. சைக்கிளில் அமர்ந்து துரையைக் கடப்பதற்கே உரிமை இல்லாதவனுக்குத் துப்பாக்கி உரிமம் எங்கிருந்து வரும்?

ஹப்பேக்கின் விசாரணை

கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கை நகரம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் சகோதரர் தியடோர் ஹப்பேக்கைக் காட்டியல் படிப்பவர்களுக்குத்தான் தெரியும். யானையும் காட்டெருதும் வேட்டையாடுவது பற்றி 1905 இல் புத்தகம் எழுதியவர், பின்னர் அதே விலங்குகளுக்காக வாதாடியவர். 1930 இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்துக்கு அவரே தலைவர். அறிக்கை 1932 இல் மூன்று தொகுதிகளாக வந்தது. தேசியப் பூங்கா அதன் பயன். அன்றைய ஐந்தாம் ஜார்ஜ் பூங்கா, இன்றைய தாமான் நெகாரா.

ஆணையத்தின் முன் வந்து நின்ற தோட்டக்காரர்களின் குரல் வேறு. விலங்கைக் காப்பாற்றினால் பயிரை யார் காப்பாற்றுவது என்றார்கள். இந்த இழுபறியில் பிறந்த சமரசம்தான் பின்னாளைய சட்டங்களின் முதுகெலும்பு: பெருவிலங்குக்குப் பாதுகாப்பு, மான் வகைக்கு உரிமம், பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கை நிலத்துக்காரன் விரட்டிப் பார்த்து முடியாவிட்டால் சுடலாம் என்ற விலக்கு. 1955 ஆம் ஆண்டு வனவிலங்குக் காப்புச் சட்டம், 1972 ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது நடைமுறையிலுள்ள 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் இந்த விலக்கு போகவில்லை. நீளக்குழல் துப்பாக்கி பிழைத்தது அந்தச் சந்து வழியாகத்தான்.

புடு சிறை, 1949 மே 4

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு மரண தண்டனை என்ற விதி வந்தது.

எஸ். ஏ. கணபதி பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். கூட்டமைப்பு 1948 இல் முடக்கப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் அவர் பிடிபட்டபோது கையில் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. யாரையும் சுட்டார் என்று வழக்கு இல்லை, வைத்திருந்ததே குற்றம். இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கைத்துப்பாக்கியின் வரலாற்றில் இதை நான் திருப்பமாகக் கொள்கிறேன். அதே ஆண்டுகளில் வெள்ளைத் தோட்டக்காரர்கள் ரிவால்வர் இல்லாமல் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகவில்லை. தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களிடம் அரசு துப்பாக்கி கொடுத்தது. 1950க்குப் பிறகு சாலாக் செலாத்தான் போன்ற ஈயச் சுரங்கப் பகுதிகளில் முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களின் காவலுக்கு, ஊர்க்காவல் படைக்குச் சிதறுகுண்டுத் துப்பாக்கி வந்தது. சிதறுகுண்டுத் துப்பாக்கியை ஊராரை நம்பிக் கொடுக்கலாம். அது நீளம், ஒளிக்க முடியாது, தொலைவும் பாயாது. சட்டைக்குள் மறையும் துப்பாக்கியை நம்பிக் கொடுக்க முடியாது. எந்தச் சட்டப் பிரிவிலும் இப்படி எழுதியிருக்கவில்லை. யாருக்கு எது வழங்கப்பட்டது என்பதைப் பார்த்தால் கணக்கு தெளிவாகவே தெரிகிறது.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. பழக்கம் முடியவில்லை. அதே ஆண்டு வந்த ஆயுதச் சட்டம் உரிமம் தரும் முடிவை மாநிலப் போலீஸ் தலைவரிடம் விட்டது. பயிர்க்காவல், வேட்டை என்று காரணம் காட்டுபவருக்குச் சிதறுகுண்டுத் துப்பாக்கி. உயிருக்கு ஆபத்து என்று மெய்ப்பிக்கும் வெகுசிலருக்குக் கைத்துப்பாக்கி. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதியில் ஆயுதம் வைத்திருப்பதற்கான மரண தண்டனையைத் தொடர்ந்தது. 1969 கலவரத்துக்குப் பிறகு நாடே பாதுகாப்புப் பகுதியாயிற்று. 1971 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமில்லா ஆயுதத்துக்கு 14 ஆண்டுவரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் வைத்தது. கொள்ளைக்காரன் போத்தாக் சின் 1981 இல் அதே புடு சிறையில் தூக்கிலேறியது ஆயுத வழக்கில்தான். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடம் கைத்துப்பாக்கி என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் வயதானவர் 1993 இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட குண்டன் பெந்தோங் காளியின் பெயரைச் சொல்வார். பன்றி நினைவுக்கு வராது.

தோட்டாவின் பயணம்

இனித் தோட்டா. தற்காப்புத் தோட்டாவின் மூக்கில் குழி இருக்கும். உடலில் புகுந்ததும் அது குடைபோல விரியும். அதனால் காயம் அகலும், தோட்டா மறுபுறம் ஊடுருவிப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்பும் குறையும். இந்தக் குழி முதலில் 19 ஆம் நூற்றாண்டு வேட்டை ரைபிள்களுக்காகச் செய்யப்பட்டது. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலை விரியும் தோட்டாவைப் படைக்குக் கொண்டுவந்தது. 1899 ஹேக் பிரகடனம் அதைப் போரிலிருந்து விலக்கியது. பிறகு அது போலீசுக்கும் தனியார் தற்காப்புக்கும் போய்ச் சேர்ந்தது. இப்போது அமெரிக்காவில் சிலர் அதைத் திரும்ப வேட்டைக்கு எடுத்துப் போகிறார்கள். ஆனால் இடையில் அதன் அளவு மனித உடலுக்கென்று திருத்தப்பட்டுவிட்டது. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டையில் ஒரு 9 மிமீ தோட்டா குற்றவாளியின் இதயத்தை எட்டாமல் நின்றுபோனதைத் தொடர்ந்து, எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல் சோதனைக் கூழில் 30 முதல் 45 சென்டிமீட்டர் ஊடுருவல்.

வளர்ந்த ஆண்பன்றியின் தோளுக்கு மேல் கெட்டியான நார்த்தசைக் கேடயம் ஒன்று உண்டு. விரியத் தொடங்கும் தோட்டா அங்கேயே வேகத்தை இழக்கும். இதயத்தையும் நுரையீரலையும் எட்டாமல் போகலாம். காயம்பட்ட பன்றி புதருக்குள் ஓடும், அல்லது சுட்டவன்மேல் பாயும். கைத்துப்பாக்கி வேட்டையை முறையாகச் செய்பவர்கள் 1935 இல் வந்த .357 மேக்னம், 1955 இல் வந்த .44 மேக்னம் போன்ற கனத்த வகைகளை நாடுவது இதனால்தான்.

நம்மூர் வேட்டைக்காரன் வைத்திருப்பது செனாப்பாங் பாத்தா. நெம்புகோலைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடிந்து விழும். 12 துளை வெடி ஒன்றோ இரண்டோ செருகி நிமிர்த்தினால் தயார். அணிலுக்குப் பொடி ரவை, பன்றிக்கு எஸ்.ஜி. ஓர் எஸ்.ஜி. வெடிக்குள் எட்டொன்பது ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றும் 8 மிமீக்குச் சற்றுக் கூடுதல், அதாவது கைத்துப்பாக்கித் தோட்டாவின் பருமனுக்கு அருகில். 9 மிமீ தோட்டா ஒன்று சுமார் 8 கிராம், எஸ்.ஜி. வெடியின் குண்டுகள் மொத்தமாகச் சுமார் 30 கிராம். இருபது முப்பது அடி தூரத்தில், புதர் மறைவில், நாய் குரைக்கும் திசையில் ஓடும் பன்றிக்கு எது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. தூரம் கூடினால் குண்டுகள் சிதறும், வலுவும் குறையும். அதனால் கிட்டப் போயாக வேண்டும். கிட்டப் போகிற இருட்டில் கூட்டாளியைப் பன்றி என்று சுட்டுவிடும் செய்திகள் மலேசியப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகின்றன.

2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கே. சுட உரிமம் வேண்டும். கம்பிக் கண்ணிக்குக் கடுந்தண்டனை உண்டு. லயத்து மனிதனின் பழைய கருவி இப்படிக் குற்றமாகிவிட்டது, துரையின் கருவி உரிமத்தோடு தொடர்கிறது. பூர்வகுடிகளுக்கு மட்டும் சொந்த உணவுக்காகச் சில விலங்குகளில் விலக்கு இருக்கிறது. சாம்பார் மான், கேளை மான் ஆகியவற்றுக்கு 2009 முதல் வேட்டைத் தடை வந்ததால் உரிமக்காரருக்கு முதன்மை இலக்காக எஞ்சியது பன்றிதான். 2023 இல் கட்டாய மரண தண்டனையை நாடாளுமன்றம் நீக்கியது. ஆயுதக் குற்றங்களில் நீதிபதிக்கு இப்போது தேர்வு உண்டு. உரிமம் வழங்கும் போக்கில் மாற்றம் இல்லை.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட பிறகு பயிர்க்காவல் என்ற காரணமும் நகரத்துக்குள் மெலிந்துவிட்டது. பன்றி இப்போது கன்றைத் தின்ன வரவில்லை, குப்பையைத் தேடி வருகிறது. வீடுகளுக்கு நடுவே எஸ்.ஜி. வெடியைச் சுடுவது ஆபத்து. புகார் வந்தால் வனவிலங்குத் துறையினர் இரும்புக் கூண்டை வைத்து, உள்ளே இரை போட்டுவிட்டுப் போகிறார்கள்.