ஆச்சி கொண்டுவந்த யோர்தான் தண்ணி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை ஒரு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்ல ஆரம்பிக்குது.

2019. நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எங்க ஆச்சி, திருநெல்வேலி பக்கத்துல இருக்கற எங்க ஊர்ப் பங்கிலிருந்து புனித பூமிக்குத் திருப்பயணம் போயிட்டு வந்தாங்க. பங்குன்னா கத்தோலிக்கர்கள் சொல்ற பாரிஷ், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள். பங்குச்சாமியோட சேர்த்து 42 பேர். அம்மான்ல இறங்கி, மாதபா, நெபோ மலை பாத்துட்டு, பாலம் தாண்டி அந்தப் பக்கம் போய் நாசரேத்து, கலிலேயாக் கடல், பெத்லகேம், ஜெருசலேம், கடைசியா எகிப்து. பத்து நாள் பயணம். ஆச்சிக்கு அப்ப 71 வயசு. அதுக்கு முன்னாடி அவங்க போன தூரமான ஊரு வேளாங்கண்ணி.

வரும்போது மூணு பொருள் கொண்டு வந்தாங்க. ஒலிவ மரத்துல செஞ்ச ஜெபமாலை. அந்த பாட்டில்ல யோர்தான் ஆத்துத் தண்ணி. அப்புறம் ஒரு வெள்ளை அங்கி. யோர்தான் கரையில கடையில வாங்கினது. கத்தோலிக்கர்கள் ரெண்டாவது தடவை திருமுழுக்கு வாங்க மாட்டாங்க, ஆனா திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிப்பாங்க. ஆச்சி சேலைக்கு மேலயே அந்த அங்கியைப் போட்டுக்கிட்டு முழங்கால் தண்ணியில இறங்கியிருக்காங்க. "காலை மீன் கடிச்சுட்டுட்டி"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க. அப்புறம் அங்கியை மடியில வச்சுத் தடவிக்கிட்டே, "என்னைப் பெட்டியில வைக்கும்போது இதத்தான் போட்டுவிடணும்"னு சொன்னாங்க.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கல. போனை எடுத்துத் தேடினேன். ரெண்டு நிமிஷத்துல கிடைச்சுது. "ஆச்சி, நீங்க போன இடம் பேரு யர்தெனித். 1981-ல டூரிஸ்டுக்காகத் திறந்த இடம். இயேசு திருமுழுக்கு வாங்கின இடம்னு சொல்றது இங்கருந்து 100 கிலோமீட்டர் தெற்கே இருக்கு."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப நாங்க போனது என்ன இடம்ட்டி?"ன்னு கேட்டாங்க. "டூரிஸ்ட் ஸ்பாட் ஆச்சி"ன்னேன். அங்கியை மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

நான் சொன்னதுல தப்பு எதுவும் இல்ல. 1981 சரி, 100 கிலோமீட்டரும் சரி. ஆனா அது பெரிய கதையில கடைசிப் பக்கம் மட்டும்னு எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆச்சு. அந்த முழுக்கதைதான் இன்னைக்கு.

அக்கரையா, இக்கரையா?

யோவான் நற்செய்தியில, யோவான் திருமுழுக்கு கொடுத்த இடம் யோர்தானுக்கு அக்கரையில இருந்த பெத்தானியான்னு வருது. நம்ம ஊர்ப் பெரியவங்க பழைய மொழிபெயர்ப்புப்படி இவரை அருளப்பர்னு சொல்லுவாங்க. இங்க ஒரு சிக்கல். ஜெருசலேம் பக்கத்துலயும் ஒரு பெத்தானியா இருக்கு, லாசர் உயிர்த்தெழுந்த ஊர். அது ஆத்துக்குப் பக்கத்துலயே இல்ல.

3-ம் நூற்றாண்டுல ஓரிஜன்னு ஒரு இறையியல் அறிஞர் இதை விசாரிச்சார். யோர்தான் பக்கத்துல பெத்தானியான்னு ஒரு ஊரே அவருக்குக் கிடைக்கல. அநேகமா எல்லாக் கையெழுத்துப் பிரதியிலயும் பெத்தானியான்னுதான் இருக்குன்னு ஒத்துக்கிட்டே, அது பெத்தபாரான்னு இருக்கணும்னு அவர் எழுதினார். அதாவது, "ஒரிஜினல் இடம் எது?"ன்னு நான் போனை எடுத்துக் கேட்ட கேள்வி அப்பவே சுமார் 1,800 வருஷப் பழசு. கேட்டவரும் நம்பிக்கை இல்லாதவர் கிடையாது.

அடுத்து கி.பி. 333. பிரான்சில இருக்கற போர்டோ நகரத்துலேர்ந்து ஒருத்தர் கிளம்பி வர்றார். பேர் தெரியாது. எந்த ஊர்ல தங்கினோம், எத்தனை மைல்னு ஒரு லாக் ஃபைல் மாதிரி எழுதி வச்சிருக்கார். சாக்கடல்லேர்ந்து அஞ்சு மைல்ல திருமுழுக்கு இடம், எதிர்க்கரையில எலியா விண்ணுக்குப் போன சின்னக் குன்று. அவ்வளவுதான் குறிப்பு. ஜெருசலேம் பக்கமிருந்து வந்தவருக்கு எதிர்க்கரைன்னா கிழக்குக் கரை, இன்னைக்கு ஜோர்தான் நாடு.

6-ம் நூற்றாண்டு தொடக்கத்துல தியோடோசியஸ்னு இன்னொருத்தரோட குறிப்பு. திருமுழுக்கு இடத்துல பளிங்குத் தூண் ஒண்ணு, அது மேல இரும்புச் சிலுவை, பக்கத்துல அனஸ்தாசியஸ் பேரரசர் கட்டின கோயில். வெள்ளம் வந்தா மூழ்காம இருக்க அந்தக் கோயிலை உயரமான வளைவுகள் மேல கட்டியிருந்தாங்களாம். இந்த வெள்ளம்கிற விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க.

இப்ப மாதபா. ஆச்சியோட குழு முதல் நாளே பார்த்த ஊர். அங்க ஒரு கோயில் தரையில 6-ம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் இருக்கு. புனித பூமியை வரைஞ்ச வரைபடங்கள்ல நமக்குக் கிடைச்சதுலயே ரொம்பப் பழசு அதுதான். அதுல பெத்தபாராவை எங்க குறிச்சிருக்காங்க தெரியுமா? மேற்குக் கரையில! நற்செய்தி அக்கரைங்குது, வரைபடம் இக்கரைங்குது.

யாராவது பொய் சொல்றாங்களா? அப்படி இல்ல. யோர்தான் அந்தப் பகுதியில வளைஞ்சு வளைஞ்சு ஓடற ஆறு. பெரு வெள்ளத்துல பாதை மாறும், கரையில கட்டினது இடியும். கிழக்கே கடந்து போறது கஷ்டமாக ஆக, எரிகோவுக்கும் ஜெருசலேமுக்கும் பக்கத்துல இருந்த மேற்குக் கரையே பயணிகளுக்கு வழக்கமான இடமாயிடுச்சு. அதோட இன்றைய பேரு கஸ்ர் அல்-யஹூத்.

வேலி விழுந்த கதை

அப்ப வடக்கே இருக்கற யர்தெனித் எப்படி வந்துச்சு? போரால.

1967 ஜூன் போர்ல இஸ்ரேல் மேற்குக் கரையைப் பிடிச்சுது. யோர்தான் ஆறு போர்முனை எல்லையாச்சு. கஸ்ர் அல்-யஹூத் ராணுவப் பகுதி. கோயில்களைச் சுத்தி கண்ணிவெடி புதைச்சாங்க. துறவிகள் வெளியேறினாங்க. எதிர்க்கரையும் ராணுவப் பகுதிதான். பயணிகள் மட்டும் வந்துக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்காக, ஆறு கலிலேயாக் கடலை விட்டு வெளிய வர்ற இடத்துல 1981-ல திறந்ததுதான் யர்தெனித்.

நம்ம ஃபீல்டு ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, மெயின் சர்வர் டவுன். அதனால டிராஃபிக்கை வேற சர்வருக்குத் திருப்பிவிட்டாங்க. அதைப் பாத்துட்டு நான் இது ஃபேக் சைட்னு சொல்லியிருக்கேன்.

1994-ல இஸ்ரேலும் ஜோர்தானும் சமாதான உடன்படிக்கை போட்டதுக்கப்புறம் கிழக்குக் கரையில வெடிகளை எடுத்து அகழாய்வு பண்ணினாங்க. பழைய கோயில்களோட அடித்தளம், திருமுழுக்குத் தொட்டிகள், பளிங்குப் படிகள் எல்லாம் கிடைச்சுது. 2000-ல திருத்தந்தை 2-ம் யோவான் பவுல் அங்க வந்தார். 2015-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துது. அதுதான் அல்-மக்தஸ். மேற்குக் கரையும் 2011-ல பொதுமக்களுக்குத் திறந்துச்சு. ரெண்டு கரைக்கும் நடுவுல சில மீட்டர் தண்ணிதான். அந்தப் பக்கம் ஒரு குழு, இந்தப் பக்கம் ஒரு குழு, நடுவுல சர்வதேச எல்லை.

மேற்குக் கரையில கோயில்களைச் சுத்தி இருந்த வெடிகளை எடுக்கற வேலை 2018-லதான் தொடங்கிச்சு. 2021 ஜனவரியில ஃபிரான்சிஸ்கன் துறவிகள் அங்க இருக்கற தங்களோட சிற்றாலயத்துல பூசை வச்சாங்க. 54 வருஷத்துக்கப்புறம் முதல் பூசை. யோசிச்சுப் பாருங்க, ஆச்சி போன 2019-ல அந்தக் கோயில் வாசல் இன்னும் பூட்டித்தான் இருந்துச்சு.

ஒரு விஷயம் கசப்பானது, அதையும் சொல்லணும். ஆறே இப்ப பழைய ஆறு இல்ல. 1964-லேர்ந்து பல வருஷமா இஸ்ரேல் கலிலேயாக் கடல் தண்ணியைக் குழாய்ல தெற்கே கொண்டு போச்சு. துணையாறான யார்மூக்கை சிரியாவும் ஜோர்தானும் திருப்பிக்கிட்டாங்க. முன்னாடி ஓடினதுல பத்துல ஒரு பங்குகூட இப்ப கீழ ஓடல. யர்தெனித்துக்குக் கொஞ்சம் கீழயே ஒரு தடுப்பணை இருக்கு. பல வருஷமா அதுக்குக் கீழ ஓடினதுல பெரும்பகுதி கழிவுத் தண்ணியும் உப்புத் தண்ணியும்தான். ஆச்சி இறங்கின சுத்தமான தண்ணி அந்தப் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்றதே கஷ்டம்.

நான் தேடாம விட்டது

சரி, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் இடத்தைப் பத்தி. இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது என்னை நிறுத்தினது வேற ஒண்ணு.

கி.பி. 570 வாக்குல இத்தாலியில இருக்கற பியாசென்சா ஊர்லேர்ந்து ஒரு குழு புனித பூமிக்கு வருது. அவங்கள்ல ஒருத்தர் எழுதின பயணக்குறிப்பு நமக்குக் கிடைச்சிருக்கு. திருக்காட்சிப் பெருவிழாவை, அதாவது நம்ம ஊர்ல மூன்று ராஜாக்கள் திருநாள்னு சொல்றதை, அவர் யோர்தான் கரையில கொண்டாடியிருக்கார். ரெண்டு கரையிலயும் தண்ணிக்குள்ள இறங்கப் பளிங்குப் படி. ராத்திரி முழுக்க ஜெபம். விடியும்போது குருக்கள் ஆத்துல இறங்கித் தண்ணியை மந்திரிக்கறாங்க. அலெக்சாண்டிரியா கப்பல்காரங்களோட ஆட்கள் வாசனைப் பொருள் நிறைஞ்ச பாத்திரங்களோட காத்துக்கிட்டு நிக்கறாங்க. அதை ஆத்துல கொட்டிட்டு, தண்ணியை மொண்டுக்கிட்டுப் போய், கடலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கப்பல் மேல தெளிப்பாங்களாம்.

அப்புறம் அவர் எழுதறார்: எல்லாரும் மெல்லிய நார்த்துணி மாதிரி ஆடைகளைக் கட்டிக்கிட்டு ஆத்துல இறங்கறாங்க. அந்தத் துணியைத் தங்களோட அடக்கத்துக்காகப் பத்திரமா எடுத்து வச்சுக்கறாங்க.

அதைப் படிச்சதும் லேப்டாப்பை மூடிட்டேன்.

கிட்டத்தட்ட 1,450 வருஷம் முன்னாடி. 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துலயும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல வந்த ரஷ்ய விவசாயிகள் இதையேதான் செஞ்சாங்க. பிணத்துக்குப் போத்தற துணியைக் கட்டிக்கிட்டு யோர்தான்ல மூழ்கி, அதை ஊருக்குக் கொண்டு போனாங்க. எங்க ஆச்சி இது எதையும் படிச்சதில்ல. யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரவும் இல்ல. ஆனா அந்தப் பழக்கத்துக்குள்ள அவங்களா போய்ச் சேர்ந்திருக்காங்க. தூண் ஆத்தோட போயிடுச்சு. கோயில் இடிஞ்சுது. கரை மாறிச்சு. போர் வந்து ஆளுங்களை 100 கிலோமீட்டர் தள்ளிவிட்டுது. தண்ணியை மொண்டு வர்றதும் துணியை மடிச்சு வைக்கறதும் மட்டும் மாறல. "டூரிஸ்ட் ஸ்பாட்"னு நான் கேலி பண்ணினது இதைத்தான்.

எனக்கு நம்பிக்கை திரும்பி வந்துடுச்சுன்னு சொல்ல வரல. நான் இருந்த இடத்துலதான் இருக்கேன். உண்மையைச் சொன்னது தப்புன்னும் நினைக்கல. ஒரு தகவலை மட்டும் எடுத்து, ஒருத்தர் பேச்சை நிறுத்த அதைப் பயன்படுத்தினதுதான் தப்பு.

போன மாசம் ஊருக்குப் போனப்ப ஆச்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஓரிஜன், வெள்ளம், கண்ணிவெடி, அந்த நார்த்துணி வரைக்கும். தடுப்பணையைப் பத்தியும் சொன்னேன், மறைக்கல. "நம்ம தாமிரபரணியும் இப்ப அப்படித்தான கெடக்கு, எல்லாச் சாக்கடையும் அதுலதான் வந்து விழுது"ன்னாங்க. அவ்வளவுதான் அதைப் பத்தி. அவங்களுக்குப் பிடிச்சது வேற.

"அந்தக் கப்பல்காரவுக தண்ணிய என்ன செஞ்சாவளாம்?"

"கப்பல் மேல தெளிப்பாங்களாம் ஆச்சி."

"பாத்தியா! ஒங்கப்பன் புது வண்டி எடுத்தப்ப நானும் அதுலதான்ட்டி தெளிச்சேன்."

எனக்கு இது தெரியவே தெரியாது. என்கிட்ட சொல்லாமலே தெளிச்சிருக்காங்க. பீரோவைத் திறந்து பாட்டிலைக் காட்டினாங்க. பாதிதான் இருந்துச்சு. அங்கி அதே டிரங்குப் பெட்டியில, அந்துருண்டை வாசத்தோட, மடிச்சபடியே இருக்கு. எந்தப் பக்கம் வச்சிருக்காங்கன்னு எனக்குக் காட்டிக் கொடுத்திருக்காங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க எங்கயாவது புனிதப் பயணம் போயிட்டு வந்திருந்தா, அது எந்த மதமா இருந்தாலும் சரி, என்ன கொண்டு வந்தாங்க, அதை என்ன செஞ்சாங்கன்னு ஒரு தடவை கேளுங்க. கேட்டதை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.