நா அடங்கியபோது பேசிய கல்பு

நமது வானொலித் தொடரில் இவ்வாரம் 'உள்ளம்' பற்றிப் பேச அமர்ந்தேன். ஒலிவாங்கியைக் கண்டதும் என் நினைவுக்கு வந்தவர், பேச முடியாமற்போன ஒரு பேரறிஞர்.

இமாம் கஸ்ஸாலி கி.பி. 1058 அளவில் பாரசீகத்தின் தூஸ் பகுதியிற் பிறந்தவர். 1091இல் வஸீர் நிழாமுல் முல்க் அவரைப் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவின் ஆசானாக நியமித்தார். அங்கே அவரிடம் 300 மாணவர் பயின்றனர். பேரும் புகழும் பெருகின.

ஆயினும், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அவரை அரித்தது. 1095இல் ஆறு மாதங்கள் தத்தளித்தார். மாணவருக்காக ஒருநாளேனும் பாடம் நடத்த முயன்றார்; நாவிலிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் கல்பிலே தோன்றி உடலிற் பரவியிருக்கிறது, உள்ளத்தின் கவலை தீராமல் மருந்து பலிக்காது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். இதை அவரே தம் வாழ்வுச் சரிதையில் எழுதியிருக்கிறார்.

பதவியைத் துறந்தார். குடும்பத்துக்குத் தேவையானது போக, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு டமஸ்கஸ் சென்றார். அங்கே பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்து தியானித்தார்.

அவரது 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது பாகங்கள் கொண்டது. இருபத்தோராவது பாகம் கல்பின் அற்புதங்களைப் பேசுகிறது. கல்பு என்பது மார்பிலுள்ள தசைப்பிண்டம் மட்டுமன்று. மனிதனுள் இறைவனை அறியும் நுண்பொருளும் அதுவே என்கிறார். அதற்கு ஒரு குளத்தை உவமை காட்டுகிறார். ஐம்புலன்கள் அதில் நீர் கொணரும் வாய்க்கால்கள். வாய்க்கால்களை அடைத்து அடிமண்ணைத் தோண்டினால் உள்ளிருந்தே தெளிந்த ஊற்றுப் பெருகும். அவர் தோண்டிப் பார்த்துச் சொன்ன உவமை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1106இல் நிஷாப்பூரில் மீண்டும் ஆசானாக அமர்ந்தார். திரும்பினாலும் தாம் பழைய ஆளல்லர் என்றார்: முன்பு புகழைத் தேடித் தரும் கல்வியைப் போதித்தார், பின்பு புகழைத் துறக்கச் செய்யும் கல்வியை. 1111இல் தூஸில் மறைந்தார்.

ஒலிப்பதிவு முடிந்து வெளியே வந்தேன். "நல்லாப் பேசினீங்க" என்றார் ஒரு நண்பர். என் மனம் குளிர்ந்தது. மறுகணமே வெட்கமாயிற்று. பக்தாதில் அந்த இமாமை நோய்ப்படுக்கையிற் தள்ளியது இந்தக் குளிர்ச்சியல்லவா?