தமிழில் வைத்தியம் சொன்ன நூல்கள்



யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிகள் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அது 1855இல் மூடப்பட்டது. 1872இல் அங்கேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதன் நூலகம் மிஷன் காலத்துப் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் காத்து வருகிறது.

அந்த மிஷனைச் சேர்ந்தவர் டாக்டர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்த அவர், மானிப்பாயில் 60க்கும் மேற்பட்டோரை வைத்தியராக்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் தந்தார்.

நான் தாதியர் படிப்பை வெளிநாட்டில் ஆங்கிலத்தில் முடித்தவள். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தனக்கு என்ன வருத்தம் என்று அம்மம்மா கேட்டா. என் வாயில் தமிழ்ச் சொல் வரவில்லை. கிறீன் ஐயாவின் உழைப்பு அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

அந்தப் பக்கங்களை யாரோ பத்திரப்படுத்தியதால்தான் அவரைப் பற்றி இன்று பேசுகிறோம். ஜெபல் அலியில் நமது சபையின் முதல் பதிவேடுகளும் ஞாயிறு பள்ளிப் படங்களும் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன? ஊர் திரும்பும் குடும்பத்தோடு அவையும் போய்விடும். போகுமுன் ஒரு பிரதியைச் சபைச் செயலாளரிடம் கொடுங்கள். பிள்ளைகளே, அவற்றை வாசிக்கத் தமிழ் பழகுங்கள்.