பாலா, கருப்பையா, வீடா?

பிள்ளை பெற்றவள் சும்மா சும்மா அழுதால் நம் வீடுகளில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ‘உடம்புச் சூடு’, ‘காத்து கருப்பு பட்டிருக்கும்’, ‘எல்லாருக்கும் வர்றதுதானே’. மருத்துவ வரலாற்றைப் படித்தால், மருத்துவர்களும் ரொம்பக் காலம் இதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சொற்கள்தான் கொஞ்சம் பெரிசு.

ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் மருத்துவ வாசகங்களில், பெண்ணின் மார்பில் ரத்தம் சேர்ந்தால் பித்து வரும் என்று ஒன்று உண்டு. பிற்கால ஐரோப்பாவில் ரத்தத்தின் இடத்துக்குப் பால் வந்தது. சுரந்த பால் வழிதவறித் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். 1858இல் பாரிஸ் மருத்துவர் லூயி விக்டர் மார்சே கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டுபவர்களின் மனநோய் பற்றித் தனி நூலே எழுதினார். கருப்பையின் மாற்றங்கள் மூளையைத் தாக்குவதாக அவர் கருதினார். கண்டுகொள்ளப்படாத நோயை ஒருவர் கவனமாகப் பதிவுசெய்தது பெரிய விஷயம்தான். ஆனால் தேடல் உடம்பை விட்டு நகரவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்கு 1885இல் மகள் பிறந்தாள். அதற்கப்புறம் ஓயாத அழுகை, அசதி. கணவரையும் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டு கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார். ரயில் நகர்ந்ததுமே தெம்பு வந்ததாம். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் பழையபடி. சுயசரிதையில் அவரே சொல்வது இது. 1887இல் பிரபல நரம்பியல் மருத்துவர் வெய்ர் மிட்சலிடம் போனார். படுத்து ஓய்வெடு, வீட்டோடு இரு, குழந்தையைக் கூடவே வைத்துக்கொள், ஆயுசுக்கும் பேனாவைத் தொடாதே என்றார் மிட்சல். எந்த வீட்டை விட்டுப் போனபோது குணமானதோ அதற்குள்ளேயே திருப்பி அனுப்பினார். புத்தி பேதலிக்கும் எல்லைவரை போய் மீண்டவர், 1892இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை வெளியிட்டார்.

உடம்பை ஒதுக்கிவிடவும் முடியாது. பிரசவம் முடிந்த சில நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் மளமளவென்று இறங்குகின்றன. எல்லாத் தாய்மாருக்கும்தான். 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இந்த இறக்கத்தை மருந்தால் உண்டாக்கிப் பார்த்தார்கள். முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்ட 8 பேரில் 5 பேருக்கு அறிகுறிகள் திரும்பின. அப்படிக் கண்டிராத 8 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆக, உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு.

வீட்டுக்கு வீடு? வேலூர்ப் பக்கத்துக் கிராமப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரம் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வந்தது. புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு. மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தவர்களுக்கு. மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல் இருந்தவர்களுக்கு. கர்ப்ப காலத்தில் துயரம் கண்டவர்களுக்கு. ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு.

காரணத்தை எங்கே தேடுகிறோமோ, வைத்தியமும் அங்கேயே போகும். மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. டாக்டரிடம் கூட்டிப்போக யோசிக்கவே கூடாது. கூடவே, நடு ராத்திரியில் அழும் குழந்தையை வாங்கிக்கொண்டு ‘நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பட்டியலில் இதை மட்டுமாவது இன்றைக்கே எந்த வீட்டிலும் செய்துவிடலாம்.