கடல்நீர் மீன்தொட்டிச் சில்லர்: குளிர்ச்சிச் சோதனை

கடல்மீன், பவளம் வளர்க்கும் தொட்டியின் நீரை ஏறத்தாழ 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கும் குளிரூட்டும் கருவி சில்லர். சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளியில் கோடைப் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அங்கே சில்லர் ஆடம்பரம் அன்று. மன்னார் வளைகுடாவில் 2016இல் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் வெளுத்ததே, சிறிது மிகை வெப்பமும் அவற்றுக்கு ஆபத்து என்பதற்குச் சான்று.

சில்லர் ஓடுவது வேறு, குளிர்விப்பது வேறு. கம்ப்ரஸர் இரைச்சலோ திரையில் தெரியும் எண்ணோ போதாது. அதன் சென்சார் பிசகலாம். ஆகவே கம்ப்ரஸர் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்து, உள்ளே செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் ஒரே தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். வேறுபாடு அரை டிகிரிதான் என்றால் கருவி பழுது என்று சிலர் முடிவுகட்டுவர். அது சரியன்று. மணிக்கு 1000 லிட்டர் பாயும்போது அரை டிகிரி குறைந்தாலே சுமார் 570 வாட் வெப்பம் வெளியேறுகிறது. வெளிவரும் நீரை அளவு தெரிந்த வாளியில் பிடித்து நேரம் பார்த்தால் பாய்ச்சல் தெரியும்; அதைச் சேர்த்துக் கணக்கிட்டு, தயாரிப்பாளர் குறித்த திறனோடு ஒப்பிடுவதே முறை. அப்படியும் தொட்டி குளிரவில்லையே எனலாம். மூடிய அலமாரிக்குள் தான் விட்ட வெப்பக்காற்றையே மீண்டும் இழுத்தால் நல்ல கருவியும் தோற்கும். வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் தகடுகளில் படிந்த தூசியை நீக்கி, காற்றோட்டம் தந்து, மறுபடி அளந்தும் வேறுபாடு தோன்றாவிட்டால்தான் குளிரூட்டும் வாயுவின் கசிவையோ கம்ப்ரஸரையோ சந்தேகிக்க வேண்டும்.