தி டூம்ஸ்டே ஃபிளைட் (தொலைக்காட்சித் திரைப்படம், 1966)

தி டூம்ஸ்டே ஃபிளைட் என்பது 1966ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான திகில் திரைப்படம். தலைப்பை 'இறுதிநாள் விமானம்' என்று தமிழில் சொல்லலாம். ராட் செர்லிங் எழுத, வில்லியம் கிரகாம் இயக்கினார். பயணிகள் விமானம் ஒன்றில் வெடிகுண்டை மறைத்து வைத்துப் பணம் கேட்டு மிரட்டும் ஒருவனைப் பற்றிய கதை இது. படம் வெளிவந்தபின் அதே முறையில் உண்மையான மிரட்டல்கள் பல நடந்தன. அதனால் ஊடகங்களின் பொறுப்பைப் பற்றிய விவாதங்களில் இப்படம் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தொடக்கத்தில் திரையரங்குகளில் ஓடி முடிந்த படங்களையே வாங்கி ஒளிபரப்பின. 1960களின் நடுவில் அவற்றின் விலை ஏறியது. ஆகவே தொலைக்காட்சிக்கென்றே குறைந்த செலவில் படம் எடுக்கும் வழக்கம் தோன்றியது. 1964இல் என்.பி.சி. ஒளிபரப்பிய 'சீ ஹவ் தே ரன்' இவ்வகையில் முதலாவது படமாகக் கருதப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த தி டூம்ஸ்டே ஃபிளைட் இந்தப் புதிய வகையின் தொடக்ககால வெற்றிகளில் ஒன்று.

ராட் செர்லிங் அப்போது நன்கு அறியப்பட்ட எழுத்தாளர். 1959 முதல் 1964 வரை ஒளிபரப்பான 'தி ட்விலைட் ஸோன்' தொடரை உருவாக்கியவர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் பணியாற்றியவர். அவருடைய அண்ணன் ராபர்ட் செர்லிங் விமானத் துறையைப் பற்றி எழுதிவந்த செய்தியாளர்.

விமானத்தில் குண்டு வைப்பது அன்றைய அமெரிக்கர்களுக்கு வெறும் கற்பனை அன்று. 1955 நவம்பர் 1 அன்று டென்வர் நகரிலிருந்து புறப்பட்ட யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று நடுவானில் வெடித்துச் சிதறியது. அதில் 44 பேர் இறந்தனர். காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்ற தாயின் பெட்டியிலேயே மகன் வெடிமருந்தை வைத்திருந்தான் என்பது விசாரணையில் தெரிந்தது. இப்படம் வந்தபோது அந்த நிகழ்வு நடந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன.

கதைச் சுருக்கம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் புறப்பட்ட பிறகு விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. விமானத்தில் குண்டு இருக்கிறது, அது 4,000 அடிக்குக் கீழே இறங்கினால் வெடித்துவிடும், இடத்தைச் சொல்ல 1,00,000 டாலர் வேண்டும் என்கிறான் அழைத்தவன். விமானம் பறந்துகொண்டே இருக்கலாம், ஆனால் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. இறங்கினால் வெடிக்கும், இறங்காவிட்டால் விழும். இந்த இக்கட்டே கதையின் உயிர்.

குற்றவாளியாக எட்மண்ட் ஓ'பிரையன், விமானியாக வான் ஜான்சன், அவனைத் தேடும் எஃப்.பி.ஐ. அதிகாரியாக ஜாக் லார்ட் ஆகியோர் நடித்தனர். குண்டு இருக்கும் இடத்தைச் சொல்லாமலே குற்றவாளி இறந்துவிடுகிறான். கடைசியில் விமானத்தை டென்வருக்குத் திருப்புகிறார்கள். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் உள்ள நகரம். அங்கே தரையில் நிற்கும்போதும் விமானம் 4,000 அடிக்கு மேலேயே இருக்கும்!

கதையில் உள்ள அறிவியல்

உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும் என்பது பள்ளிப் பாடம். திரவமில்லா பாரமானியில் உள்ள மெல்லிய உலோகப் பெட்டி, வெளி அழுத்தம் குறைந்தால் விரியும், கூடினால் சுருங்கும். விமானத்தின் உயரமானியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். செர்லிங் இந்தத் தத்துவத்தையே கதைக்குப் பயன்படுத்தினார்.

விமானம் 30,000 அடிக்கு மேல் பறந்தாலும் பயணிகள் மூச்சுவிட வசதியாக உள்ளே அழுத்தம் கூட்டி வைக்கப்படுகிறது. அது பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும். எனவே 4,000 அடி என்று கதையில் எல்லை வைத்தது நம்பத்தக்கதாகவே அமைந்தது. அந்த நம்பகத்தன்மையே பின்னர் தீமையாயிற்று.

அழுத்தத்தால் இயங்கும் குண்டு வெறும் கற்பனையாகவும் நிற்கவில்லை. 1970 பிப்ரவரி 21 அன்று சுவிஸ் ஏர் விமானம் இத்தகைய குண்டால் வீழ்த்தப்பட்டு 47 பேர் உயிரிழந்தனர். ஆனால் அது விமானம் மேலே ஏறும்போது வெடிக்கும்படி அமைக்கப்பட்டது. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் அரசியல் நோக்கம் கொண்டவர்கள். அதற்கும் இப்படத்துக்கும் தொடர்பு இல்லை.

படத்துக்குப் பின்

ஒளிபரப்புக்கு முன்பே அமெரிக்க விமானிகள் சங்கம் இப்படத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. என்.பி.சி. அதை ஏற்கவில்லை. படம் முடிவதற்குள்ளாகவே ஒரு விமான நிறுவனத்துக்கு முதல் மிரட்டல் அழைப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் வேறு நிறுவனங்களுக்கும் அழைப்புகள் வந்தன. எல்லாம் பொய் மிரட்டல்கள்.

மிகப் பெரிய நிகழ்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1971 மே 26 அன்று சிட்னியிலிருந்து ஹாங்காங் புறப்பட்ட குவாண்டாஸ் போயிங் 707 விமானத்தில் உயரத்தால் இயங்கும் குண்டு இருப்பதாக, 'மிஸ்டர் பிரவுன்' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவன் தொலைபேசியில் மிரட்டினான். தான் பொய் சொல்லவில்லை என்று காட்ட, சிட்னி விமான நிலையப் பெட்டகம் ஒன்றில் மாதிரிக் குண்டு ஒன்றையும் வைத்திருந்தான். விமானம் பல மணி நேரம் வானில் வட்டமிட்டது. டென்வரைப் போல உயரத்தில் அமைந்த பெரிய விமான நிலையம் ஆஸ்திரேலியாவில் கிடையாது. வேறு வழியின்றிக் குவாண்டாஸ் 5,00,000 ஆஸ்திரேலிய டாலரைக் கொடுத்தது. பணத்தை வாங்கிய பின் அவன் சொன்னது, விமானத்தில் குண்டே இல்லை என்பதுதான். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

சில மாதங்களில் பீட்டர் மக்காரி என்பவன் கைதானான். கையில் திடீரென்று வந்த பணத்தை ஆடம்பரக் கார்களில் செலவிட்டதே அவனைக் காட்டிக்கொடுத்தது. அவனுக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட தி டூம்ஸ்டே ஃபிளைட் படத்திலிருந்தே அவனுக்கு இந்த எண்ணம் வந்தது. இக்குற்றத்தை வைத்துப் பின்னாளில் 'கால் மீ மிஸ்டர் பிரவுன்' என்ற தொலைக்காட்சிப் படத்தை ஸ்காட் ஹிக்ஸ் இயக்கினார். படத்தைப் பார்த்துக் குற்றம் பிறந்தது. அக்குற்றத்தைப் பார்த்து இன்னொரு படம் பிறந்தது.

அதே 1971இல் மாண்ட்ரியலிலிருந்து லண்டன் சென்ற பிரிட்டிஷ் விமானம் ஒன்று இதே போன்ற மிரட்டலால் டென்வருக்கே திருப்பப்பட்டது. குற்றவாளி கதையைப் பின்பற்ற, அதிகாரிகளும் கதையில் வந்த தீர்வையே பின்பற்றினர். அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் இப்படத்தை மறுஒளிபரப்புச் செய்ய வேண்டாம் என்று தொலைக்காட்சி நிலையங்களை அந்த ஆண்டில் கேட்டுக்கொண்டது.

எழுத்தாளரின் வருத்தமும் ஆய்வாளரின் கருத்தும்

செர்லிங் இதற்காக வெளிப்படையாக வருந்தினார். இந்தக் கதைக்குப் பதிலாகக் குதிரை வண்டிக் காலத்துக் கதை ஒன்றை எழுதியிருக்கலாம் என்ற கருத்தில் பேசினார். 1975இல் அவர் காலமானார்.

பிறர் செய்வதைப் பார்த்து மனிதர் கற்றுக்கொள்வதைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, இப்படத்தையும் அதன்பின் வந்த மிரட்டல்களையும் எடுத்துக்காட்டாகக் கூறினார். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விமானங்களுக்குப் பொய் மிரட்டல் விடுவது இப்படத்துக்கு முன்பும் இருந்தது. இப்படம் பேராசையை உண்டாக்கியது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே பேராசை உள்ளவனுக்கு ஒரு செய்முறையைக் கொடுத்தது. கோடிக்கணக்கானோர் பார்த்து மறந்த கதையை ஒரு சிலர் பாடமாக எடுத்துக்கொண்டனர். அந்த ஒரு சிலருக்காகக் கதையையே எழுதாமல் விடுவதா, செய்முறையை மட்டும் மறைத்து எழுதுவதா என்ற கேள்வி இன்றைய ஊடகங்களுக்கும் பொருந்தும்.

தாக்கம்

குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் வெடிக்கும் குண்டு என்ற கரு பிற்காலப் படங்களிலும் காணப்படுகிறது. 1975இல் ஜப்பானில் வந்த 'தி புல்லட் டிரெயின்' படத்தில் ரயிலின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் கீழே குறையக் கூடாது. 1994இல் வந்த 'ஸ்பீட்' படத்தில் ரயிலுக்குப் பதில் பேருந்து.

விமான நிலையங்களிலும் நிலைமை மாறியது. தொடர் கடத்தல்களும் மிரட்டல்களும் காரணமாக, 1973 ஜனவரி முதல் அமெரிக்காவில் எல்லா விமானப் பயணிகளையும் அவர்களது கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. 1966இல் அப்படிப்பட்ட சோதனை எதுவும் இல்லை. செர்லிங்கின் கதை நடப்பதற்கு ஏற்ற சூழல் அன்று உண்மையிலேயே இருந்தது.